அலாஸ்காவின் மஞ்சள் சீடர்: வெப்பமடையும் உலகில் குளிரால் மடியும் மரம்

அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தின் தென்கிழக்குக் கரையோரமாகச் சிறு விமானத்தில் பறப்பவர்கள், கரும்பச்சை நிறக் காட்டின் நடுவே சாம்பல் நிறத் திட்டுகளைக் காண முடியும். அவை காட்டுத்தீயில் எரிந்த இடங்கள் அல்ல. நின்ற நிலையிலேயே உயிரிழந்து, பட்டை உரிந்து, எலும்பு போல் வெளுத்துப்போன மரங்கள் அவை. அவற்றில் சில, 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் மடிந்தவை. இன்னமும் விழாமல் நிற்கின்றன.

மஞ்சள் சீடர் என்று அழைக்கப்படும் இந்த மரம், தென்கிழக்கு அலாஸ்காவில் மட்டும் 2 லட்சம் ஹெக்டேருக்கும் அதிகமான காட்டுப் பரப்பில் பெருமளவில் மடிந்துள்ளது. அண்டையிலுள்ள கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தையும் சேர்த்துப் பார்த்தால், பாதிக்கப்பட்ட பரப்பு ஏறத்தாழ 4 லட்சம் ஹெக்டேர் என்று 2017 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது. பாதிப்புக்குள்ளான காடுகளில் சராசரியாக மூன்றில் இரண்டு பங்கு மஞ்சள் சீடர்கள் உயிருடன் இல்லை. அதே மண்ணில், அதே மழையில், அவற்றுக்குப் பக்கத்திலேயே நிற்கும் ஹெம்லாக், ஸ்புரூஸ் போன்ற ஊசியிலை மரங்களோ பசுமையாக இருக்கின்றன.

இந்த ஒரு மரவகை மட்டும் ஏன் மடிகிறது என்ற கேள்விக்கு விடை தேட ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிடித்தது. கிடைத்த விடையும் முதல் பார்வையில் முரணாகத் தோன்றுவது. காலநிலை வெப்பமடைந்து வருவதன் காரணமாக, இந்த மரங்கள் குளிரில் உறைந்து சாகின்றன என்பதே அது.

பெயரும் இயல்பும்

சீடர் என்ற பெயரைக் கேட்டதும் இமயமலையின் தேவதாருவை நினைத்துக்கொள்ள வேண்டியதில்லை. தேவதாரு உண்மையான சீடர் இனத்தைச் சேர்ந்தது. மஞ்சள் சீடரோ சைப்ரஸ் குடும்பத்தைச் சேர்ந்த மரம். ஐரோப்பியக் குடியேறிகள் அதன் மணம் மிக்க கட்டையைக் கண்டு சூட்டிய பெயரே நிலைத்துவிட்டது. கனடாவின் வான்கூவர் தீவிலுள்ள நூட்கா நீரிணையை ஒட்டி அதன் அறிவியல் பெயர் 1824 இல் அமைந்தது.

கலிபோர்னியாவின் வட எல்லையிலுள்ள மலைகள் முதல் அலாஸ்காவின் பிரின்ஸ் வில்லியம் விரிகுடா வரை இம்மரம் பரவியிருக்கிறது. தெற்கே உயர்ந்த மலைச்சரிவுகளில் மட்டும் வளர்கிறது. வடக்கே செல்லச் செல்லக் கீழே இறங்கி, அலாஸ்காவில் கடல்மட்டம் வரை வந்துவிடுகிறது. மிக மெதுவாக வளரும் மரம் இது. 700, 800 ஆண்டுகள் வாழ்வது இதற்கு இயல்பானது. ஆயிரம் ஆண்டுகளைக் கடந்த மரங்களும் உண்டு.

இதன் கட்டையிலுள்ள இயற்கை வேதிப்பொருட்கள் பூஞ்சைகளையும் பூச்சிகளையும் அண்டவிடாதவை. அவற்றில் ஒன்றான நூட்காட்டோன், பம்பளிமாசின் உறவான கிரேப்ஃப்ரூட் பழத்தின் மணத்துக்கும் காரணமானது. கொசுக்களையும் உண்ணிகளையும் விரட்டும் பொருட்களில் அதைப் பயன்படுத்துவதற்கு 2020 ஆம் ஆண்டில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அனுமதி வழங்கியது. செத்த மரம் பல பத்தாண்டுகள் உளுக்காமல் நிற்பதற்கும் இந்த வேதிப்பொருட்களே காரணம். ஆய்வாளர்களுக்கு இது பெரும் உதவியாக அமைந்தது. எப்படி என்பதைப் பின்னர் பார்ப்போம்.

முதல் பதிவுகள்

இந்த மரங்கள் மடிவது அண்மைக்கால நிகழ்வு அல்ல. இயற்கை ஆர்வலரும் வேட்டைக்காரருமான சார்ல்ஸ் ஷெல்டன் 1909 ஆம் ஆண்டில் அட்மிரால்ட்டி தீவுக்குச் சென்றபோதே, சதுப்பு நிலங்களிலிருந்த மஞ்சள் சீடர்கள் பரவலாகச் செத்து நிற்பதைக் குறித்து வைத்தார். 1920களில் எடுக்கப்பட்ட வான்படங்களிலும் இந்தச் செத்த காடுகள் தெளிவாகத் தெரிகின்றன.

ஆனால் அதன் பிறகும் பல பத்தாண்டுகள் எவரும் இதை ஆழமாக ஆராயவில்லை. மனித நடமாட்டம் குறைந்த தீவுகள். அந்நாளில் மரவணிகத்தில் ஸ்புரூசுக்கு இருந்த மதிப்பு இந்த மரத்துக்கு இருக்கவில்லை. பின்னர் ஜப்பானிய வணிகர்கள், தங்கள் நாட்டின் கோயில்களுக்கும் வீடுகளுக்கும் பயன்படும் ஹினோக்கி மரத்துக்கு மாற்றாக இதை நல்ல விலை கொடுத்து வாங்கத் தொடங்கியதும் நிலைமை மாறியது. மரத்தின் மரணம் கவனத்துக்கு வருவதற்கு முதலில் அதற்கு விலை ஏற வேண்டியிருந்தது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

1980களில்தான் முறையான ஆய்வு தொடங்கியது. அமெரிக்க வனச் சேவையைச் சேர்ந்த தாவர நோயியலாளர் பால் ஹெனனும் அவருடைய சகாக்களும் இதில் ஈடுபட்டார்கள். ஹெனன் தம் பணிக்காலத்தின் பெரும்பகுதியை இந்த ஒரு கேள்விக்கே செலவிட்டார்.

சந்தேகத்துக்குரியவர்களின் பட்டியல்

ஒரு மரவகை கூட்டமாக மடியும்போது முதலில் சந்தேகிக்கப்படுவது நோய்க்கிருமிதான். அதற்கு நியாயமும் இருந்தது. அமெரிக்காவில் செஸ்ட்நட் மரங்களை 20 ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஏறக்குறைய முற்றாக அழித்தது வெளிநாட்டிலிருந்து வந்த பூஞ்சை. மஞ்சள் சீடரின் நெருங்கிய உறவான போர்ட் ஆர்ஃபர்ட் சீடரை ஓரிகன் மாநிலத்தில் கொன்று வந்ததும் வேர்வழியே தாக்கும் நுண்ணுயிரி ஒன்றுதான்.

எனவே ஹெனன் குழுவினர் மடியும் மரங்களின் வேர், தண்டு, இலை ஆகியவற்றிலிருந்து பல்வேறு பூஞ்சைகளைப் பிரித்தெடுத்தார்கள். அவற்றை நலமான மரங்களில் செலுத்திப் பார்த்தார்கள். எதுவும் அம்மரங்களைக் கொல்லவில்லை. பட்டைக்குள் குடைந்து வாழும் வண்டுகள் காணப்பட்டன. ஆனால் அவை ஏற்கெனவே செத்துக்கொண்டிருந்த மரங்களுக்கு மட்டுமே வந்திருந்தன. மண்ணிலுள்ள நூற்புழுக்களும் விசாரிக்கப்பட்டு விடுவிக்கப்பட்டன.

அடுத்த சந்தேகம் கரடிகள் மீது விழுந்தது. இளவேனிற்காலத்தில் பழுப்புக் கரடிகள் இம்மரத்தின் பட்டையைக் கிழித்து, உள்ளே ஊறும் இனிப்பான சாற்றை நக்குவதுண்டு. சில தீவுகளில் இப்படிக் காயம்பட்ட மரங்கள் ஏராளம். ஆனால் பழுப்புக் கரடிகளே இல்லாத பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவிலும் மரங்கள் மடிந்திருந்தன. கரடியும் தப்பித்தது.

நோய்க்கிருமி என்ற கருதுகோளுக்கு இறுதி அடியைக் கொடுத்தது செத்த மரங்களே. மஞ்சள் சீடர் செத்தவுடன் விழுவதில்லை என்று மேலே குறிப்பிட்டோம். முதலில் இலைகள் உதிர்கின்றன, பின்னர் சிறு கிளைகள், பின்னர் பெருங்கிளைகள், கடைசியில் வெளுத்த தண்டு மட்டும் எஞ்சுகிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஏறத்தாழ எத்தனை ஆண்டுகள் ஆகின்றன என்று கணக்கிட்ட ஆய்வாளர்கள், கிளைகளையெல்லாம் இழந்து நிற்கும் தண்டுகள் சராசரியாக 80 ஆண்டுகளுக்கு முன் இறந்தவை என்று கண்டார்கள். ஆக, காட்டில் நிற்கும் செத்த மரங்களின் தோற்றமே இறப்புப் பதிவேடாக அமைந்தது. அந்தப் பதிவேட்டின்படி, பெருமளவிலான மரணங்கள் 1880க்கும் 1900க்கும் இடைப்பட்ட காலத்தில் தொடங்கியிருந்தன.

அதைவிட முக்கியமான செய்தி ஒன்றும் அதில் இருந்தது. ஒவ்வொரு திட்டிலும் மிகப் பழைய பிணங்கள் நடுவிலும், புதியவை ஓரத்திலும் நின்றன. ஆனால் ஏறத்தாழ நூறு ஆண்டுகளில் அந்த ஓரம் நகர்ந்திருந்த தூரம் மிகக் குறுகியது. தொற்றுநோய் அப்படி நடந்துகொள்வதில்லை. அது பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு தாவும். இங்கோ ஒன்றோடொன்று தொடர்பற்ற நூற்றுக்கணக்கான இடங்களில், ஏறக்குறைய ஒரே காலத்தில், மரங்கள் மடியத் தொடங்கியிருந்தன. ஆகவே வந்து தாக்கிய எதிரியைத் தேடுவதை விட்டு, அந்த இடங்களில் அப்படி என்ன இருக்கிறது என்று ஆய்வாளர்கள் பார்க்கத் தொடங்கினார்கள்.

இடம் சொன்ன சேதி

பெரும்பாலான மரணங்கள் தாழ்ந்த பகுதிகளில் நிகழ்ந்திருந்தன. அதிலும் நீர் தேங்கும் சதுப்பான மண்ணில்தான் மரங்கள் கூட்டமாகச் செத்திருந்தன. நீர் நன்கு வடியும் மண்ணில், மற்ற மரங்களுடன் கலந்து வளர்ந்தவை பெரும்பாலும் தப்பியிருந்தன. மலையின் மேற்பகுதியில் வளர்ந்தவையும் நலமாக இருந்தன.

சிட்கா நகருக்கு எதிரேயுள்ள குரூசோஃப் தீவின் எட்ஜ்கம் எரிமலை இதற்கு ஓர் இயற்கையான பரிசோதனைக்கூடமாக அமைந்தது. கூம்பு வடிவிலான அந்த மலையின் எல்லாப் பக்கங்களிலும் மஞ்சள் சீடர் வளர்கிறது. வெயில் படும் தெற்குச் சரிவில் செத்த மரங்கள் மலையின் மேல்நோக்கி வெகுதூரம் சென்றிருந்தன. நிழலான வடக்குச் சரிவில் அவை தாழ்வான பகுதியோடு நின்றுவிட்டன. ஒரே மலை, ஒரே மரம். மாறுபட்டது, எந்தப் பக்கத்தில் வெண்பனி எவ்வளவு காலம் தங்குகிறது என்பதுதான்.

இங்கே சொல் பற்றிய ஒரு குறிப்பு அவசியம். புல்நுனியில் படியும் துளியையும், மார்கழி மூட்டத்தையும், துருவத்தில் பொழியும் வெண்மையையும் நாம் பனி என்றே சொல்லிவிடுகிறோம். இந்த மரத்தின் கதையிலோ, வானிலிருந்து பொழிந்து தரையை மூடும் வெண்பனி வேறு. நீரை உறையவைக்கும் கடுங்குளிர் வேறு. ஒன்று காப்பது, மற்றது கொல்வது.

போர்வை விலகியபோது

வெண்பனி தரையைக் காக்கிறது என்பது வெப்பநாட்டில் பிறந்தவர்களுக்கு உடனடியாகப் பிடிபடாத செய்தி. வெண்பனியின் பருமனில் பெரும்பகுதி காற்றுதான். அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. மீன் சந்தையில் ஐஸ் கட்டி உருகாதிருக்க உமியையும் மரத்தூளையும் கொட்டி மூடுவதும் இதே தத்துவந்தான். அங்கே வெளி வெப்பம் உள்ளே போகாமல் தடுக்கப்படுகிறது, இங்கே மண்ணின் வெப்பம் வெளியேறாமல் தடுக்கப்படுகிறது. வெண்பனி மூடிய மண், வெளியே எவ்வளவு குளிர் அடித்தாலும், உறைநிலையை ஒட்டியே இருக்கும். கனடாவிலோ நோர்வேயிலோ வீட்டு முற்றத்தில் ரோஜாச் செடி வைத்திருக்கும் நம்மவர்களுக்கு இது அனுபவத்தில் தெரிந்திருக்கும். வெண்பனி கொட்டிய ஆண்டில் பிழைக்கும் செடி, வெண்பனியே இல்லாமல் வெறுங்குளிர் அடித்த ஆண்டில் பட்டுப்போகும்.

மஞ்சள் சீடரின் வேர்களைப் பொறுத்தவரை இந்தப் போர்வை உயிர்நாடியானது. சதுப்பு மண்ணின் ஆழத்தில் வேர்களுக்குப் பிராணவாயு கிடைப்பதில்லை. எனவே இம்மரத்தின் நுண்வேர்கள் மண்ணின் மேற்பரப்பை ஒட்டியே படர்கின்றன. மேலும், குளிர்காலத்தின் நடுவில் கடுங்குளிரைத் தாங்கும் இம்மரம், குளிர்காலம் முடியும் தறுவாயில் அந்தத் தாங்கும் திறனை மற்ற மரங்களைவிட முந்திக்கொண்டு கைவிடுகிறது. மண் இளகத் தொடங்கியதும் வெளிப்படும் சத்துக்களை, குறிப்பாக நைட்ரேட்டை, போட்டியாளர்களுக்கு முன் உறிஞ்சிக்கொள்வதற்காகவே வேர்கள் இப்படிச் சீக்கிரம் விழித்துக்கொள்கின்றன என்று மண்ணியல் ஆய்வாளர் டேவிட் டாமோர் உள்ளிட்டவர்கள் கருதுகிறார்கள். சத்துக் குறைந்த சதுப்பில் பிழைப்பதற்கு அது நல்ல உத்திதான். பல நூற்றாண்டுகள் அது பலன் அளித்தும் வந்தது. ஏனென்றால், வேர்கள் விழித்தெழும் வேளையில் மேலே வெண்பனிப் போர்வை இன்னும் இருந்தது.

தாழ்வான பகுதிகளில் குளிர்காலச் சராசரி வெப்பநிலை உறைநிலையை ஒட்டியே நிற்கிறது. அங்கே ஓரிரு பாகை வெப்பம் கூடினாலும் வெண்பனியாக விழ வேண்டியது மழையாகப் பெய்துவிடும். போர்வை மெலிகிறது, அல்லது முன்கூட்டியே உருகிவிடுகிறது. ஆனால் இளவேனிற்காலத்தின் தொடக்கத்தில், கண்டத்தின் உட்பகுதியிலிருந்து வரும் வறண்ட குளிர்காற்று முன்போலவே சில நாட்கள் வீசத்தான் செய்கிறது. போர்வையின்றி, விழித்த நிலையிலிருக்கும் நுண்வேர்கள் உறைகின்றன. மண்ணின் வெப்பநிலை ஏறத்தாழ 5 பாகை செல்சியஸ் மறைநிலைக்குக் கீழே சென்றால் அவை மடிந்துவிடுகின்றன.

மரம் உடனே சாவதில்லை. வேரை இழந்த மரம், இழந்ததை மீண்டும் வளர்க்கச் சேமிப்பைச் செலவிடுகிறது. அடுத்த உறைவில் மீண்டும் இழக்கிறது. சிலவேளை ஓரிரு ஆண்டுகளில், சிலவேளை பல ஆண்டுகளில், உச்சி மெலிந்து, இலைகள் செம்பழுப்பாகி முடிகிறது. இலை பழுப்பதைப் பார்த்து இலையில் நோயைத் தேடியவர்கள் ஏன் ஏமாந்தார்கள் என்பது இதனால் விளங்கும்.

செயற்கைப் பனியில் ஒரு சோதனை

இவையெல்லாம் பொருத்தமாகத் தோன்றினாலும், இரு நிகழ்வுகள் ஒரே இடத்தில் காணப்படுவதால் மட்டும் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. அதைச் சோதிக்க, வனச் சேவையின் பால் ஷாபர்க் தலைமையிலான குழு அலாஸ்காவின் தலைநகர் ஜூனோவில் ஒரு பரிசோதனை செய்தது. அதன் முடிவுகள் 2008 ஆம் ஆண்டில் வெளியாயின.

மஞ்சள் சீடர் கன்றுகளைக் குளிர்காலத்தில் வெளியே வைத்து, ஒரு பகுதியின் வேர்ப்பகுதியை பெர்லைட் எனப்படும் வெண்ணிற, காற்றறைகள் நிறைந்த பொருளால் மூடினார்கள். அது வெண்பனியின் வேலையைச் செய்தது. மற்றவை மூடப்படவில்லை. மூடப்பட்டவை நலமாக இருந்தன. மூடப்படாத கன்றுகளின் வேர்கள் உறைந்து சேதமடைந்தன; அவை பின்னர் மடிந்தன. கவனிக்கத்தக்கது, முதலில் பாதிக்கப்பட்டது வேர்; இலைகள் அதன் பிறகும் சிறிது காலம் பச்சையாகவே இருந்தன.

கன்றுகளில் கண்டதை 500 ஆண்டு மரத்துக்கு அப்படியே பொருத்திவிடலாமா என்ற கேள்வி நியாயமானது. காட்டில் ஒரு பெருமரத்தின் நுண்வேர்கள் உறையும் கணத்தை எவரும் நேரில் பார்த்துவிட முடியாது. ஆயினும் காட்டின் அமைப்பு, மண்ணின் வெப்பநிலை அளவீடுகள், வெண்பனி வரைபடங்கள், பரிசோதனை ஆகிய நான்கும் ஒரே திசையைக் காட்டுகின்றன. 2012 ஆம் ஆண்டில் ஹெனனும் சகாக்களும் இவற்றைத் தொகுத்து வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு, இந்த விளக்கம் பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளது.

யார் பொறுப்பு?

இங்கே ஓர் இக்கட்டான கேள்வி எழுகிறது. மரணங்கள் 1880 வாக்கில் தொடங்கின. அப்போது உலகின் புகைபோக்கிகள் வெளியிட்ட கரியமில வாயு இன்றைய அளவோடு ஒப்பிடுகையில் மிகச் சொற்பம். அப்படியிருக்க, மனிதரால் ஏற்பட்ட காலநிலை மாற்றத்தின் மீது எப்படிப் பழி சுமத்த முடியும்?

இதற்கான விடை இரண்டு கட்டங்களாக இருக்கிறது. 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை சில நூற்றாண்டுகள் நீடித்த குளிர்ந்த காலப்பகுதியைச் சிறு பனியுகம் என்று அழைக்கிறார்கள். தென்கிழக்கு அலாஸ்காவில் அது எத்தகையதாக இருந்தது என்பதற்கு கிளேசியர் விரிகுடாவே சாட்சி. 1794 இல் கேப்டன் வான்கூவரின் மாலுமிகள் சென்றபோது அந்த விரிகுடா ஏறக்குறைய முழுவதும் பனிப்பாறையால் அடைபட்டிருந்தது. 1879 இல் ஜான் மியூர் சென்றபோது, பனிப்பாறை பல பத்து கிலோமீட்டர்கள் பின்வாங்கி, அங்கே கடல் இருந்தது. அந்தக் குளிர் நூற்றாண்டுகளில்தான், வெண்பனி நிறைந்த தாழ்நிலச் சதுப்புகளில் மஞ்சள் சீடர் செழித்துப் பெருகியது. இன்று செத்து நிற்கும் மரங்களில் மிகப் பல அக்காலத்தில் முளைத்தவை. சிறு பனியுகம் முடிந்தபோது, இயற்கையான வெப்பமாதலே முதல் மரணங்களைத் தொடக்கி வைத்திருக்க வேண்டும்.

ஆனால் இயற்கையாகத் தொடங்கியது இயற்கையாகவே தொடர்கிறது என்று முடிவுகட்டிவிட முடியாது. 20 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து கூடிவரும் வெப்பத்துக்குப் பசுங்குடில் வாயுக்களே முதன்மைக் காரணம் என்பதில் அறிவியலாளர்களிடையே ஐயம் இல்லை. அந்த வெப்பம், வெண்பனி தங்கும் எல்லையை மலையின் மேல்நோக்கியும் வடக்கு நோக்கியும் தள்ளிக்கொண்டிருக்கிறது. முன்பு பாதுகாப்பாக இருந்த சரிவுகளிலும் இப்போது மரங்கள் மடிகின்றன. மேலே குறிப்பிட்ட 2017 ஆம் ஆண்டு ஆய்வை நடத்திய பிரையன் பியூமா தலைமையிலான குழு, குளிர்காலச் சராசரி வெப்பநிலை உறைநிலையைக் கடக்கும் இடங்களே மரண வரைபடத்தோடு பொருந்துகின்றன என்று காட்டியது. இந்த நூற்றாண்டுக்குள் மேலும் விரிந்த பரப்பு அந்த எல்லையைக் கடக்கும் என்றும் அது எச்சரித்தது.

'தொடங்கியது நாங்கள் அல்ல' என்பது அரசியலிலும் அடிக்கடி கேட்கும் வாதம். தொடக்கத்தைப் பற்றிய உண்மை, தொடர்ச்சியைப் பற்றிய பொறுப்பை நீக்கிவிடுவதில்லை.

பட்டை உரித்தும் கொல்லாத மக்கள்

கரையோரத்தின் பூர்வகுடிகளான டிலிங்கிட், ஹைடா, சிம்ஷியன் மக்களுக்கு இது வெறும் மரவகை அல்ல. துடுப்புகள், கிண்ணங்கள், சடங்கு முகமூடிகள் ஆகியவற்றை அவர்கள் இதன் கட்டையில் செதுக்கினார்கள். மலையாட்டின் கம்பளியோடு இம்மரத்தின் உட்பட்டை நாரைச் சேர்த்து முறுக்கி நெய்வதே புகழ்பெற்ற சில்காட் போர்வை. விருந்துகளிலும் சடங்குகளிலும் தலைவர்கள் தோளில் அணிவது அது.

பட்டை எடுக்கும் முறையிலும் ஒரு கட்டுப்பாடு இருந்தது. மரத்தின் ஒரு பக்கத்தில் ஒரு கீற்றை மட்டும் உரிப்பார்கள். மரம் வடுவை மூடிக்கொண்டு தொடர்ந்து வாழும். அப்படி வடு ஏறிய பழைய மரங்கள் இன்றும் காடுகளில் நிற்கின்றன. அந்தக் காட்டை ஒரு குலத்தார் பயன்படுத்தி வந்தார்கள் என்பதற்கு அவை எழுதப்படாத ஆவணங்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் நில உரிமை கோரும் பூர்வகுடிகளுக்கு இத்தகைய ஆவணங்களின் மதிப்பு என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை. மரம் மடிந்தால் நார் மட்டுமல்ல, சாட்சியும் போகிறது. 2010 இல் தன் பழைய பெயரை மீட்டுக்கொண்ட ஹைடா குவாய் தீவுக்கூட்டத்திலும் மஞ்சள் சீடரின் மரணங்கள் பதிவாகியுள்ளன.

சட்டம் கேட்ட வேறு கேள்வி

2014 ஆம் ஆண்டில் சில சுற்றுச்சூழல் அமைப்புகள், மஞ்சள் சீடரை அமெரிக்காவின் அருகிவரும் உயிரினங்கள் சட்டத்தின் கீழ் சேர்க்க வேண்டும் என்று மனுச் செய்தன. மனுவில் பரிசீலனைக்கு உரிய ஆதாரம் இருப்பதாக அமெரிக்க மீன் மற்றும் வனவுயிர்ச் சேவை 2015 இல் கூறியது. நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, 2019 அக்டோபரில், பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கத் தேவையில்லை என்று அது முடிவு செய்தது. மரணங்கள் நிகழ்வதை அது மறுக்கவில்லை. ஆனால் இம்மரம் பரவியுள்ள மொத்தப் பரப்போடு ஒப்பிட்டால் பாதிக்கப்பட்டது சிறுபகுதியே. பெரும்பகுதியில் இந்த இனம் தொடர்ந்து வாழும் என்பது அதன் மதிப்பீடு.

முடிவைக் குறைகூறுவது எளிது. ஆனால் சட்டம் கேட்பது 'இந்த இனம் முற்றாக அழியுமா?' என்ற கேள்வியை. அதற்கு 'இல்லை' என்பது சரியான விடையாகவே இருக்கக்கூடும். ஒரு தீவிலிருந்து, ஒரு கிராமத்தின் நடைதூரத்திலிருந்து மரம் மறைவதைப் பற்றி அச்சட்டத்துக்குக் கவலை குறைவு. நெசவாளருக்கோ அதுவே முழு இழப்பு. ஆயிரம் ஆண்டு வாழும் மரத்துக்கு 'கண்ணுக்கெட்டிய எதிர்காலம்' என்பது எத்தனை ஆண்டுகள் என்ற வினாவும் இருக்கிறது. ஒரு தலைமுறையை மனித அளவில் எண்ணும் சட்டங்களில் அதற்கு இடம் இல்லை.

என்ன செய்ய முடியும்?

வெண்பனியைத் திரும்பக் கொண்டுவர எந்த வனத்துறையாலும் முடியாது. 2016 ஆம் ஆண்டில் வனச் சேவை வெளியிட்ட திட்ட அறிக்கை, காட்டை இடத்துக்கு இடம் வேறாக நடத்தச் சொல்கிறது. வெண்பனி போய்விட்ட தாழ்நிலச் சதுப்புகளில் மரத்தைக் காப்பாற்ற முயல்வதில் பயனில்லை. அங்கே செத்து நிற்பவற்றை வெட்டிப் பயன்படுத்தலாம். பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் அவற்றின் கட்டை வலிமை குன்றாமலிருப்பதால், உயிருள்ள மரங்கள் மீதான வெட்டு அந்த அளவுக்குக் குறையும். மாறாக, நீர் வடியும் மண்ணிலும் உயர்ந்த சரிவுகளிலும் இம்மரத்தை நட்டு வளர்க்க வேண்டும்.

வடக்கே, யாகுடாட் பகுதியில், முன்பு மஞ்சள் சீடர் காணப்படாத இடத்தில் கன்றுகள் நடப்பட்டுப் பிழைத்துள்ளன. இம்மரம் தானாக வடக்கு நோக்கிப் பரவும் வேகம் மிகக் குறைவு. வெப்பம் நகரும் வேகத்துக்கு அது ஈடுகொடுக்காது. அதற்காக மனிதரே மரத்தைப் புதிய இடத்துக்கு எடுத்துச் செல்லலாமா, குறிப்பாக இயற்கையில் தலையிடக் கூடாது என்ற கொள்கையுடைய தேசியப் பூங்காக்களுக்குள் அதைச் செய்யலாமா என்பது இன்னும் விவாதப்பொருள்தான். நடுவதோடு வேலை முடிவதுமில்லை. இளங்கன்றுகளை மான்கள் விரும்பி மேய்கின்றன. முன்பெல்லாம் ஆழமான வெண்பனி இளவேனில் வரை கன்றுகளை மூடிவைத்து மான்களிடமிருந்தும் காத்தது.

இதற்கிடையே 2010களில் புதிய செய்தி ஒன்று வந்தது. ஸரெம்போ தீவு உள்ளிட்ட சில இடங்களில், முன்பு வெட்டப்பட்ட காடுகள் மீண்டும் தழைத்து, முப்பது நாற்பது ஆண்டு வயதுடைய இளமரங்களாக நிற்கின்றன. அவற்றில் மஞ்சள் சீடருக்கு இடமும் ஒளியும் கிடைக்கட்டும் என்று, போட்டியாக நின்ற மரங்களை வனச் சேவையினரே வெட்டிக் கலைத்திருந்தார்கள். அப்படிச் சிறப்பாகப் பேணப்பட்ட இளஞ்சீடர்களும், ஈரமண்ணில் நின்றவை, பழுக்கத் தொடங்கியிருப்பதை ஆய்வாளர்கள் கண்டார்கள். வேர்களைத் தோண்டிப் பார்த்தபோது, நுண்வேர்கள் செத்திருந்தன.